சாஃப்ட்வேர் படிக்கலாமா என்று கேட்ட பையனுக்கு

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் பெரியகுளத்துக் கரையில் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், திண்ணையில் என் பழைய நண்பரும் அவர் மகனும் காத்திருந்தார்கள். பையன் ஜியாலஜியில் எம்.எஸ்ஸி. முடித்து ஒரு வருஷம் ஆகிறது. சென்னையில் ஓரிடத்தில் சுரங்க மாடலிங் சாஃப்ட்வேரை ஆறு வாரத்தில் சொல்லித் தருகிறார்களாம். கட்டணம் 85,000 ரூபாய்.

"அதப் படிச்சா ஓமன், சவுதி, ஆஸ்திரேலியான்னு எங்க வேணாலும் வேல கெடைக்குமாம் மாமா. பாலைவனத்துச் சுரங்கத்துலதான் ஆள் எடுக்காங்களாம்" என்றான்.

அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் நண்பர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வீட்டுல வளையல வச்சுத்தாம் வே கெட்டணும். நீரு ஒரு வார்த்த சொன்னா கெட்டிருதேன்."

இப்படி ஒருவர் நம் வார்த்தையை நம்பி வளையலை அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறார் என்றால், வாயில் வந்ததைச் சொல்லி அனுப்ப முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். யோசித்ததை இங்கே எழுதிவைக்கிறேன். வேலையின் கடைசிக் காலத்தில் இதே சாஃப்ட்வேரை இளம் ஜியாலஜிஸ்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதனால் இதில் எனக்குப் பேச உரிமை கொஞ்சம் உண்டு, பழியும் கொஞ்சம் உண்டு.

பூமிக்குள் இருக்கிற கனிமம் கண்ணுக்குத் தெரியாது. அங்கங்கே துளை போட்டுப் பார்க்கிறோம். ஒரு துளையில் 40 மீட்டர் ஆழத்தில் பழுப்பு நிலக்கரி வருகிறது, 400 மீட்டர் தள்ளிப் போட்ட துளையில் 44 மீட்டரில் வருகிறது. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பது ஊகம். அந்த ஊகத்தை ஒரு முறைக்குள் கொண்டுவருவதுதான் மாடலிங். நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் டிரேசிங் தாளும் ரோட்ரிங் பேனாவும் வைத்து இதைச் செய்தோம். 1980களில் இருந்து கம்ப்யூட்டர் அந்த இடத்துக்கு வரத் தொடங்கியது. சர்பாக், வல்கன், மைக்ரோமைன் எல்லாம் ஆஸ்திரேலியாவில் பிறந்தவை. டேட்டாமைன் இங்கிலாந்திலிருந்து வந்தது. நிலக்கரி போல அடுக்கடுக்காகக் கிடக்கிற கனிமத்துக்கு மைனெக்ஸ். பிறகு நியூசிலாந்திலிருந்து லீப்ஃப்ராக் வந்தது. புதிதாக ஒரு துளையின் விவரத்தைக் கொடுத்தால் மொத்தப் படத்தையும் அதுவே திருத்திக்கொள்கிறது.

இவற்றின் அடியில் ஓடுகிற கணக்கு 1951-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. டேனி கிரிகே என்கிற சுரங்கப் பொறியாளர் அங்குள்ள தங்கச் சுரங்கங்களின் மாதிரிகளை ஆராய்ந்தார். ஓரிடத்து மதிப்பை அப்படியே நம்பாமல் சுற்றியுள்ள மதிப்புகளையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்று காட்டினார். பிரான்ஸின் ஜார்ஜ் மாத்தரான் அதை முழுக் கணிதமாக வளர்த்து, கிரிகே பெயராலேயே 'கிரிகிங்' என்று வழங்கச் செய்தார். அருமையான கணக்கு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பாலைவனத்துக்கு வருகிறேன். சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரியில் செருப்பில்லாமல் ஓடிய பிள்ளைகளுக்கு மணலும் வெயிலும் புதிதில்லை. ஆனாலும் மே மாதத்து மேற்கு ராஜஸ்தான் வேறு. 'லூ' என்று ஒரு காற்று அடிக்கும், அடுப்பைத் திறந்து முகத்தைக் காட்டினது போல இருக்கும். 'ஆந்தி' என்கிற புழுதிப் புயல் வந்தால் பத்தடியில் நிற்கிறவன் தெரிய மாட்டான். அங்கே பழுப்பு நிலக்கரி இருப்பது பிகானேருக்குப் பக்கத்தில் பலானாவில் 1896-இல் கிணறு வெட்டும்போது தெரியவந்தது. நம்ம நெய்வேலியிலும் அதே கதைதான், 1934-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்தது. இரண்டு ஊரிலும் தண்ணீர் தேடித்தான் கரி கிடைத்திருக்கிறது. பின்னாளில் நெய்வேலி நிறுவனமே பிகானேர் மாவட்டத்துக்குப் போய், பர்சிங்சரில் ஆண்டுக்கு 21 லட்சம் டன் திறனில் ஒரு சுரங்கமும் 250 மெகாவாட் மின் நிலையமும் அமைத்தது. மணல்மேட்டுக்கு நடுவே தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் வைத்தது அப்படித்தான்.

நான் சொல்லப்போவது அந்தச் சுரங்கத்தை அல்ல. மேற்கு ராஜஸ்தானில் பழுப்பு நிலக்கரி பல இடங்களில் உண்டு. அவற்றில் ஒன்றில், சுரங்கம் தொடங்கும் முன்பு, எட்டு இளம் ஜியாலஜிஸ்டுகளுக்குப் பத்து நாள் பயிற்சி கொடுக்க அழைத்தார்கள். இடமும் ஆளும் யாரென்பது இங்கே வேண்டாம். தவறு என்னுடையது, அதை மட்டும் சொல்கிறேன்.

முகாம் என்றால் தகரக் கூரை போட்ட நான்கு அறைகள். மின்சாரம் ஜெனரேட்டரில். பகலில் கம்ப்யூட்டர் சூடேறித் தானாக நின்றுவிடும், அதனால் காலை 6 முதல் 10 வரையும் ராத்திரி 7 முதல் 10 வரையும் வகுப்பு. கீ-போர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு கரண்டி மணல் விழும். சாஃப்ட்வேருக்கு 'டாங்கிள்' என்று ஒரு பூட்டு. கட்டைவிரல் அளவுதான், அதைச் செருகினால்தான் வேலை செய்யும். இரண்டே டாங்கிள், எட்டுப் பேர். அதில் ஒன்றை மூன்றாம் நாள் யாரோ சட்டைப் பையோடு துவைக்கப் போட்டுவிட்டார்கள். அதன் விலை அந்த முகாமையே விலைக்கு வாங்கும் என்று சிரித்துக்கொண்டோம்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நான்கு பேர் ராஜஸ்தான், இரண்டு பேர் ஒடிசா, ஒரு பையன் தெலுங்கு, ஒரு பெண் நாகர்கோவில் பக்கம். ஒரு கட்டளையை ஒரு தடவை காட்டினால் போதும், மறுநாள் எனக்கே குறுக்குவழி சொல்வார்கள். அறுபத்துச் சொச்சம் துளைகளின் விவரம் எக்ஸெல்லில் இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி நான் அதை ஏற்றி, அடுக்கை வரையச் சொல்லி, கொஞ்சம் வழவழப்பாக்கி, நிறம் கொடுத்தேன். பழுப்பு நிலக்கரி ஒரு கம்பளம் விரித்தது போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திரையில் சுழன்றது. முகாம் பொறுப்பாளர் கைதட்டினார். எனக்கும் பெருமைதான். இதோ உங்கள் சுரங்கம் என்று சொன்னேன்.

நாலாம் நாள் காலை டீ கொண்டுவந்தவரோடு ஒரு பெரியவர் வந்து கதவோரம் நின்றார். துளை போடும் குழுவின் பழைய மேஸ்திரி. அறுபதை நெருங்கிய வயது, வெள்ளைத் தலைப்பாகை. அந்தத் துளைகளில் முக்கால்வாசியைப் போட்டவரே அவர்தான். படத்தைப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். கரி என்றேன். "இங்கே கரி கிடையாது சாப், மணல். கம்பி தானாக இறங்கிற்று, குழாயில் ஒன்றும் நிற்கவில்லை" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாகர்கோவில் பெண்தான் விடவில்லை. கோர் ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தேடி எடுத்தாள். அந்தத் துளையின் 41 முதல் 47 மீட்டர் வரையான பெட்டி காலி. கையால் எழுதிய பழைய குறிப்பில் 'கோர் கிடைக்கவில்லை' என்று இருந்தது. எக்ஸெல்லில் ஏற்றியவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். வெறுமையாக இருந்தால் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? அங்கே தகவல் இல்லை என்று எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துத் துளைகளில் 6 மீட்டர் கரி இருப்பதைப் பார்த்து, இங்கேயும் 6 மீட்டர் போட்டுவிடும். அதன்மேல் குற்றமில்லை. அதற்குச் சொன்னதை அது செய்தது.

கோர் ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கரியும் களிமண்ணும் குழாயில் ஒட்டி நிற்கும், ஈரமில்லாத மணல் வழுகி விழுந்துவிடும். எந்தக் காலத்திலோ ஓர் ஆறு அந்தக் கரி அடுக்கை அறுத்துக்கொண்டு ஓடி, மணலை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறது. காமா பதிவு ஒன்று இருந்தது. அதை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சுத்தமான மணலுக்கும் கரிக்கும் காமா குறைவாகத்தான் காட்டும். அடர்த்திப் பதிவு எடுத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும், எடுக்கவில்லை. பிறகு பக்கத்திலேயே இன்னொரு துளை போட்டுப் பார்த்தார்கள். மணல்தான்.

அந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. மற்றத் துளைகளையும் பெட்டியோடு ஒத்துப் பார்த்தாள். இன்னொரு துளையில் கரியின் கனம் '0' என்று இருந்தது. குறிப்பைப் பார்த்தால், தண்ணீர் லாரி வராததால் 35 மீட்டரில் துளையையே நிறுத்தியிருக்கிறார்கள். கரி வரும் ஆழத்துக்கு அது போகவே இல்லை. எக்ஸெல்லில் ஏற்றியவர் நல்ல எண்ணத்தில் பூஜ்யம் போட்டிருந்தார். ஆக என் கம்பளத்தில் இல்லாத இடத்தில் கரி இருந்தது, இருக்கிற இடத்தில் ஓட்டை இருந்தது.

இது சின்ன விஷயமா என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். துளைகள் 400 மீட்டருக்கு ஒன்று. ஒரு துளை 400-க்கு 400 மீட்டர் பரப்புக்குப் பதில் சொல்கிறது. 6 மீட்டர் கனம் என்றால் 9,60,000 கன மீட்டர், எடையில் 11 லட்சம் டன்னுக்கு மேல். அதை எடுப்பதற்கு மேலே கிடக்கிற 41 மீட்டர் மண்ணை, அதாவது சுமார் 65 லட்சம் கன மீட்டரை, டீசல் ஊற்றி அள்ள வேண்டும். அள்ளி முடித்த பிறகு அடியில் மணல். இந்த அளவுக்குக் காசு போகக்கூடிய இடத்தைத்தான் நான் நிறம் கொடுத்துச் சுழற்றிக் காட்டிக் கைதட்டு வாங்கியிருந்தேன். அந்தப் பெரியவர் டீக்கு வராமல் இருந்திருந்தால் படம் அப்படியே அறிக்கைக்குள் போயிருக்கும்.

அதற்குப் பிறகு நான் நடத்திய எந்தப் பயிற்சியிலும் முதல் இரண்டு நாள் கம்ப்யூட்டரைத் திறக்க விட்டதில்லை. ஒரு நாள் கோர் ஷெட்டில். பெட்டியைத் திறந்து, நனைத்து, தொட்டு, பல்லில் வைத்துக்கூடப் பார்க்கச் சொல்வேன் (களிமண்ணையும் வண்டலையும் பிரிக்க அதைவிட நல்ல கருவி இன்றுவரை வரவில்லை). மறுநாள் கிராஃப் தாளில் பத்துத் துளைகளை வைத்துக் கையால் குறுக்குவெட்டுப் படம் வரைய வேண்டும். துளை போட்ட மேஸ்திரியும் வகுப்பில் உட்கார வேண்டும் என்பது என் நிபந்தனை. சில இடங்களில் முகம் சுளித்தார்கள். சாஃப்ட்வேர் சொல்லித்தரக் கூப்பிட்டால் இந்த ஆள் பென்சில் கொடுக்கிறார் என்று மேலிடத்துக்குப் புகாரும் போயிற்று. ஓரிடத்தில் என்னை மறுபடி கூப்பிடவே இல்லை.

பென்சில் வைத்திருந்தவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அதிகாரி கேட்ட டன் கணக்கு வருகிற மாதிரி கோட்டை வளைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கையால் வரையும்போது ஒரு பழக்கம் இருந்தது. தெரிந்த இடத்தில் முழுக் கோடு, தெரியாத இடத்தில் விட்டுவிட்டு வரைந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியைப் போடும்போது நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும், இன்னொரு துளை கேட்கலாமா என்று தோன்றும். திரையில் வருகிற படத்தில் எல்லாக் கோடும் ஒரே அழுத்தம். நிச்சயமில்லாமையைக் காட்டவும் அதில் வசதி உண்டுதான், ஆனால் பயிற்சியில் அது கடைசி நாள் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளப்படும். அப்போது எல்லோரும் சான்றிதழுக்குக் குரூப் போட்டோ எடுக்கப் போயிருப்பார்கள்.

உலகத்துப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் போர்னியோ காட்டில் புசாங் என்ற இடத்தில் பிரமாண்டமான தங்கம் கிடைத்ததாக பிரீ-எக்ஸ் என்ற கனடா கம்பெனி 1990களின் நடுவில் அறிவித்தது. அதன் பங்குகளின் மதிப்பு உச்சத்தில் 600 கோடி கனடா டாலரைத் தொட்டது. 1997-இல் குட்டு உடைந்தது. பொடித்த பாறை மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்துகளைக் கலந்திருக்கிறார்கள். தங்க இருப்பைக் கணக்கிட்டவர்கள் தேர்ந்த ஆலோசகர்கள், முறையில் பெரிய பிழையில்லை. கொடுத்த எண்தான் பொய். கோரை நெடுக்காக அறுத்து ஒரு பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பி மறுபாதியைப் பெட்டியில் வைப்பதுதான் தொழில் வழக்கம். அங்கே முழுக் கோரையும் பொடித்துவிட்டார்கள், திரும்பிப் பார்க்கப் பெட்டியில் ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர் அப்போதே ஏன் என்று அழுத்திக் கேட்டிருந்தால் எத்தனையோ ஓய்வூதியக்காரர்களின் பணம் தப்பியிருக்கும்.

நம் ஊரில் நடப்பது பொய்யும் இல்லை, புரட்டும் இல்லை, அசட்டை. பழைய துளைகளில் ஆழம் அடியில் எழுதியிருக்கும், ஏற்றும்போது மீட்டர் என்று போட்டுவிடுவார்கள். பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் அளவைமுறையில் இருக்கும், ஜி.பி.எஸ். வேறு முறையில் சொல்லும். இரண்டையும் மாற்றாமல் சேர்த்தால் துளை பல பத்து மீட்டர் நகர்ந்து உட்கார்ந்துவிடும். இதையெல்லாம் பார்த்துப் பிடிக்க சர்வேயரும், துளை மேஸ்திரியும், ஜியாலஜிஸ்டும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். நட்சத்திர ஓட்டலில் ஐந்து நாள், கம்பெனி கொடுத்த 'டெமோ' விவரத்தை வைத்து நடத்தும் பயிற்சியில் இது எதுவும் வராது. அந்த டெமோவில் பிழையே இருக்காது, எல்லாம் கழுவித் துடைத்து வைத்தது. தன் சொந்தச் சுரங்கத்தின் அழுக்கு விவரத்தை வைத்து, மணல் பறக்கிற அந்த முகாமிலேயே கற்றுக்கொள்வதுதான் பயிற்சி என்பேன். செலவும் குறைவு. லைசென்ஸுக்குக் கொட்டுகிற பணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோர் ஷெட்டின் கூரைக்குச் செலவழிக்கலாம். நான் பார்த்த பாதிப் பெட்டிகளில் கறையான் புகுந்து எண் அழிந்திருந்தது.

இதற்கு எதிராக ஒன்று சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. 3,000 துளை உள்ள சுரங்கத்தை யார் கையால் வரைவது? இன்றைக்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டால் முதல் கேள்வியே எந்த சாஃப்ட்வேர் தெரியும் என்பதுதான், கோரைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா என்று யாரும் கேட்பதில்லை. வேலைக்கு எடுக்கிற அதிகாரிக்கும் அது தெரியாது, பெயரைப் பார்த்து டிக் போடுகிறார். அந்த டிக்குக்காக ஒரு நாங்குநேரிக் குடும்பம் வளையலைக் கழற்ற வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் பையனுக்கு வேலை வாங்கித் தராது என்பதும் தெரிகிறது.

ஆக நண்பருக்கு நான் சொல்லப்போவது இது. சாஃப்ட்வேர் தெரியாமல் முடியாது, கற்றுக்கொள்ளட்டும். ஆனால் இப்போதே 85,000 கட்ட வேண்டாம். இந்த சாஃப்ட்வேர்களில் சிலவற்றை மாணவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுக்கிறார்கள், படித்த கல்லூரியின் பேராசிரியரிடம் போய்க் கேட்கட்டும். வரைபட வேலைக்கு கியூஜிஸ் இலவசம். அதற்கு முன் ஆறு மாதமாவது துளை போடுகிற ஒரு குழுவோடு எங்கேயாவது போகட்டும், சம்பளம் குறைவாக இருந்தாலும் சரி. குடிநீர் போர் போடுகிற வண்டியோடு போனால்கூடத் தப்பில்லை. எந்த ஆழத்தில் எந்த நிறத்தில் மண் வருகிறது, கம்பி எப்போது தானாக இறங்குகிறது என்று நோட்டில் எழுதட்டும். அதற்குப் பிறகும் அந்த வகுப்புதான் வேண்டும் என்றால், அங்கே போய் ஒரு கேள்வி கேட்கட்டும்: கோர் கிடைக்காத இடத்தில் என்ன போடுவீர்கள்? உடனே பதில் சொன்னால் சேரலாம். அதெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்றால் பஸ் ஏறி வந்துவிடலாம்.

அந்த நாகர்கோவில் பெண் இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் இரும்புத்தாதுச் சுரங்கத்தில் இருக்கிறாள். இரண்டு வாரம் பாலைவனம், ஒரு வாரம் வீடு. இப்போது அவள்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். போன பொங்கலுக்குப் போன் பண்ணியபோது, "சார், இங்கயும் எக்ஸெல்ல பூஜ்யம் போடுதாங்க" என்றாள்.

என்னிடம் பழைய பீரோவில் பத்துத் துளைகளின் குறிப்பு நகல் இருக்கிறது, பயிற்சிக்கென்று நானே கற்பனையாக உண்டாக்கி, வேண்டுமென்றே நான்கு பிழை வைத்தது. நண்பரின் மகனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நல்ல கிராஃப் தாள் இங்கே கடையில் கிடைக்கவில்லை, வரும்போது திருநெல்வேலியில் ஒரு கட்டு வாங்கி வா என்று சொல்லியிருக்கிறேன். பென்சில் என்னிடம் இருக்கிறது.